நுரையீரலுக்குள் எத்தனை பெக்கரல்? உட்கதிரியக்க அளவீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடந்த மாரியில் மருமகன் ஒருவன் வெளிநாட்டிலிருந்து இலங்கையின் வன்னியிலுள்ள ஒட்டுசுட்டானுக்கு வந்திருந்தான். ஐந்து வருடம் கனிம மணல் பிரிக்கும் ஆலையொன்றின் உலர் பகுதியில் வேலை செய்தவன். வேலையை விட்டு வரும்போது, நுரையீரலுக்குள் கதிரியக்கத் தூசி தங்கியிருக்கிறதா என்று அளந்து ஒரு தாளும் கொடுத்திருந்தார்கள். அதில் விஷயமென்று இருந்தது ஒரே வரி: தோரியம், கண்டறியப்படவில்லை.

“மாமா, ஒன்றுமில்லை என்றுதானே போட்டிருக்கிறது? அம்மாவுக்கு நீங்களே ஒருக்கால் சொல்லிவிடுங்கள்” என்றான்.

உடனே சொல்லியிருக்கலாம். கதிர்வீச்சுப் பாதுகாப்பு வேலையில் தலை நரைத்தவன் என்பதால் நான் சொன்னால் அக்கா நம்புவாள். ஆனால் அந்தத் தாளில் எத்தனை நிமிடம் எண்ணினார்கள் என்று இல்லை, நெஞ்சின் தடிப்பு இல்லை, அந்தக் கருவி ஆகக் குறைந்தது எவ்வளவைக் காணும் என்றும் இல்லை. இவை இல்லாத “கண்டறியப்படவில்லை”, இருட்டில் தேடிவிட்டு “பாம்பைக் காணவில்லை” என்று சொல்வது போன்றது. ரோர்ச் வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டியது என்று கேட்கத்தான் வேண்டும்.

இந்த வழிகாட்டி அவனைப் போன்றவர்களுக்கு. கொக்கிளாய்க் களப்புக்குத் தெற்கே புல்மோட்டையில் இல்மனைற், றூட்டைல், சேர்க்கோனோடு மொனசைற்றும் கலந்த கரிய மணல் கிடக்கிறது. கேரளத்தின் சவறையிலும் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் அதே இன மணல்தான். மொனசைற்றுக்குள் இருக்கும் கதிரியக்க உலோகம்தான் தோரியம். இந்த நிலத்துக்கு அது புதிதல்ல. தோரியனைற் என்ற கனிமத்தை 1904இல் பலாங்கொடைப் பக்கத்தில் கண்டெடுத்தவர், பிறகு கலை வரலாற்றுக்குப் போய்விட்ட ஆனந்த குமாரசுவாமி. கோயில் திருவிழாவில் எரிந்த பெற்றோமக்ஸ் விளக்கின் மென்டிலும் தோரியம் நைத்திரேற்றில் ஊறியதுதான். பழசு உடைந்து சாம்பலாகும்போது ஊதித் தள்ளிவிட்டுப் புதிதைக் கட்டிய கைகள் எங்களுடையவை.

எதைத் தேடுகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தோரியம்-232 வெளியிடுவது அல்பாத் துகள். அது உடல் இழையத்தில் ஒரு மில்லிமீற்றரின் மிகச் சிறு பங்குக்குள்ளேயே நின்றுவிடும். உள்ளே இருந்தால் கேடு செய்வதும், வெளியே வைத்த கருவிக்குத் தெரியாமல் போவதும் இந்த ஒரே காரணத்தால். ஆகவே தோரியம் சிதைந்து உருவாகும் பிள்ளைகளைப் பிடித்துத் தாயைக் கணக்கிடுகிறோம். தோரியத்தின் வழிவந்த அக்டினியம்-228 வெளிவிடும் 911 கிலோ இலத்திரன்வோல்ட் (கதிரின் சக்தியை அளக்கும் அலகு) காமாக் கதிர், ஈயம்-212இன் 239, தாலியம்-208இன் 583. வந்த கதிர்களைச் சக்திவாரியாக அடுக்கிய நிறமாலையில் இந்த உச்சிகள் தலைநீட்டுகின்றனவா என்று பார்ப்பதுதான் அளவீடு. முடிவைப் பெக்கரலில் சொல்வார்கள்: ஒரு பெக்கரல் என்பது செக்கனுக்கு ஒரு அணு சிதைவது.

யுரேனிய ஆலைத் தொழிலாளிக்கு 186, 93, 63 என்ற உச்சிகளைத் தேடுவார்கள். அமெரிசியத்துக்கு 59.5. புளூட்டோனியம்தான் பெரும் சோதனை: அது தருவதெல்லாம் 13 முதல் 20 வரையிலான மெலிந்த எக்ஸ் கதிர்கள், அவற்றில் பெரும்பகுதியை நெஞ்சுச் சுவரே விழுங்கிவிடும்.

வைத்தியசாலை எக்ஸ்ரேயில் இவை எதுவும் தெரியாது. எக்ஸ்ரே வெளியிலிருந்து கதிரை அனுப்பி நிழலைப் பார்க்கிறது. நுரையீரல் எண்ணி என்ற இந்தக் கருவி எதையும் அனுப்புவதில்லை. உங்களிடமிருந்து வருவதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் அதில் படுப்பதால் உங்களுக்குக் கதிர்வீச்சு ஏதும் சேராது. இதை அக்காவுக்கு மூன்று தரம் சொல்லவேண்டியிருந்தது.

முதற்படி: போவதற்கு மூன்று நாள் முன்பே தொடங்குகிறது

ஆலைக் காற்றில், தோரியத்திலிருந்து பிறக்கும் தோரன் என்ற கதிரியக்க வாயு இருக்கும். அதன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய எடுக்கும் நேரம், 56 செக்கன்தான். ஆனால் அது விட்டுச்செல்லும் ஈயம்-212க்கு 10.6 மணித்தியாலம். வேலை முடித்த கையோடு அறைக்குள் போனால், காலையில் மூச்சோடு போன அந்த ஈயத்தைக் கருவி பார்த்துவிட்டு, நுரையீரலில் தோரியத் தூசி தங்கியிருப்பதாகச் சொல்லும். மூன்று நாள் என்பது ஏழு அரைவாழ்வு. தொடக்கத்தில் இருந்ததில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மிஞ்சும். ஆகவே விடுமுறை எடுத்து, மூன்று நாள் கழித்துப் போங்கள். மேலாளர் “இன்று வேலை முடிந்ததும் அப்படியே போய்விட்டு வா” என்றால், மறுப்பது உங்கள் உரிமை மட்டுமல்ல, அளவீட்டுக்கும் நல்லது.

அண்மையில் தைரொயிட்டுக்கு அயடீன்-131 குடித்தீர்களா, இதயத்துக்கோ எலும்புக்கோ டெக்னீசியம் ஏற்றி ஸ்கேன் எடுத்தீர்களா என்பதையும் சொல்லிவிடவேண்டும். டெக்னீசியத்துக்கு ஆறு மணித்தியால அரைவாழ்வு, ஒரு கிழமையில் போய்விடும். அயடீனுக்கு எட்டு நாள், மாதக்கணக்கில் தடம் விடும்.

இரண்டாம் படி: கிணற்றடி

கருவிக்கு நுரையீரலில் இருக்கும் தூசியும் நெஞ்சு மயிரில் ஒட்டிய தூசியும் ஒன்றுதான். வெளியில் ஒட்டியது உணரிக்கு இன்னும் கிட்ட இருப்பதால் அதன் சத்தம் பெரிது. பொய்யான “நேர்” முடிவுகளில் எத்தனையோ சவர்க்காரத்தோடு தீர்ந்துபோனதைக் கண்டிருக்கிறேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு கூடுதல் இடைஞ்சல் தலைக்கு வைக்கும் நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்திருக்கும். முதல்நாளும் அன்று காலையும் தலைக்கு முழுகுங்கள். நகத்தைக் குறுக வெட்டுங்கள். காது மடலின் பின்புறம், கழுத்து மடிப்பு, மூக்குத் துவாரம் மூன்றையும் மறக்கவேண்டாம். துவாய் வீட்டுத் துவாயாக இருக்கட்டும், ஆலையில் பாவித்தது வேண்டாம். அங்கே போனதும் பருத்தி அங்கி தருவார்கள். சொந்த பொலியெஸ்ரர் சட்டை ஆகாது, அதன் நிலைமின், காற்றிலுள்ள ரேடன் என்ற கதிரியக்க வாயுவின் வழித்தோன்றல்களை இழுத்து ஒட்டிக்கொள்ளும். சங்கிலி, தாயத்து, கைக்கடிகாரம் எல்லாம் கழற்றவேண்டும். தாலியைக் கழற்ற மனமில்லாத பெண்ணிடம், அதைக் கழுத்தின் பின்பக்கம் திருப்பிவிட்டால் போதுமென்று ஒருமுறை சொல்லி அனுப்பினேன். அளவீடு கெடவில்லை.

மூன்றாம் படி: நெஞ்சுச் சுவர்

இந்தப் படியை எந்தத் தாளும் விளக்கமாகச் சொல்லாது. பிழை நுழைவதும் இங்கேதான்.

நுரையீரலிலிருந்து புறப்படும் கதிர், தசை, கொழுப்பு, விலா எலும்பு எல்லாம் தாண்டி உணரிக்கு வரவேண்டும். 17 கிலோ இலத்திரன்வோல்ட் எக்ஸ் கதிரில் பாதியை ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் தசை குடித்துவிடும். 60 என்றால் 3 சென்ரிமீற்றர் வேண்டும். 239 என்றால் 5 சென்ரிமீற்றர். ஆக, நெஞ்சின் தடிப்பில் 6 மில்லிமீற்றர் தவறினால் ஈயம்-212 கணக்கில் எட்டு வீதம் அளவுதான் பிசகும், புளூட்டோனியக் கணக்கோ இரட்டிப்பாகும், அல்லது பாதியாகும்.

கருவியை அளவுதிருத்தம் செய்ய ஒரு போலி உடல் வைத்திருப்பார்கள். அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் உருவான மாதிரியுரு பரவலானது. தசை போன்ற பொருளில் வார்த்த உடல், உள்ளே அளவறிந்த கதிரியக்கம் ஏற்றிய நுரையீரல்கள், தடிப்பைக் கூட்டுவதற்கு மேலே போர்த்தும் தட்டுகள். ஆசிய உடலளவுக்கு ஜப்பானிய அணுசக்தி ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைச் செய்வித்தது. எங்கள் வயற்காட்டு உடல்கள் பெரும்பாலும் ஒட்டிய நெஞ்சு. தடித்த நெஞ்சுக்குத் திருத்திய வினைத்திறனை (புறப்படும் கதிர்களில் எத்தனை பங்கைக் கருவி எண்ணுகிறது என்ற அளவை) மெலிந்தவனுக்குப் போட்டால், உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பருத்தவனுக்கு எதிர்மாறு, இருப்பதைக் குறைத்துக் காட்டும். ஆகவே படுக்குமுன் நெஞ்சின் இரு பக்கமும் பல புள்ளிகளில் அல்ட்ராசவுண்ட் வைத்துத் தடிப்பை அளக்கிறார்களா என்று கேளுங்கள். “உயரமும் நிறையும் போதும், சூத்திரம் இருக்கிறது” என்பார்கள். தோரியத்துக்கு அது ஒருவாறு பரவாயில்லை. மெல்லிய கதிர்களுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, எந்த அளவுதிருத்த நூலிலும் நான் காணாதது. வன்னியில் எத்தனையோ பேருடைய உடம்பில் போரில் வெடித்த செல்களின் இரும்புத் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. மருமகனுக்கு இடது தோளெலும்புக்குக் கீழே ஒன்று, முன்பக்கம் விலா ஓரமாக உளுந்தளவில் இன்னொன்று. 3 மில்லிமீற்றர் இரும்பு, 60 கிலோ இலத்திரன்வோல்ட் கதிரை ஏறக்குறைய முழுதாக மறித்துவிடும், 239இல் கால்பங்கு அளவை மறிக்கும். சிறிய துண்டு மறைப்பது சிறிய இடத்தைத்தான், முடிவு தலைகீழாகாது. ஆனால் உணரியின் மையத்துக்கு நேரே பல துண்டுகள் இருந்தால், அதைத் தெரியாத ஆள் குறைந்த எண்ணை எழுதிவிடுவார். பழைய எக்ஸ்ரே படம் பயன்படுவது இங்கேதான். அதைக் கையோடு கொண்டுபோய், அவர்கள் கேட்காவிட்டாலும் மேசையில் வையுங்கள். “அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை” என்றான் அவன். வெள்ளைக்கார நாட்டு விண்ணப்பப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்திருக்காது.

நான்காம் படி: இரும்பு அறை

அந்த அறையைக் காண வன்னியை விட்டு வெளியே போகவேண்டும். தமிழ்நாட்டில் கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இரும்பு அறைக்குள் நுரையீரல் எண்ணி இருக்கிறது. இங்கே இதுபற்றி விசாரிக்கவேண்டிய அலுவலகங்கள், 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அமைந்த அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையும் அணுசக்திச் சபையும்.

அறையின் சுவர் தடித்த உருக்கு. உலகில் சில அறைகளுக்கு, 1919இல் ஸ்காபா புளோவில் ஜேர்மன் கடற்படை தானே மூழ்கடித்த போர்க்கப்பல்களின் இரும்பைத் தோண்டி எடுத்தார்கள். 1945க்குப் பிறகு வார்த்த உருக்கில் அணுகுண்டுச் சோதனைகளின் கழிவுத்தடம் கலந்திருக்கும் என்பதால்தான் இந்தத் தேடல். உள்ளே ஈயம், செம்பு முதலான அடுக்குகள். கதவு மூடும் சத்தம் சிலருக்குப் பயத்தைக் கொடுக்கும். பங்கருக்குள் இருந்த ஆட்களுக்குக் கேட்கவே வேண்டாம். உள்ளே ஒலிவாங்கி உண்டு, எப்போது சொன்னாலும் திறப்பார்கள். பயமென்றால் முன்னரே சொல்லிவிடுங்கள், கதவைச் சற்றுத் திறந்துவைத்து ஒத்திகை பார்க்க விடுவார்கள்.

மல்லாந்து படுத்ததும், குளிரூட்டிய ஜேர்மேனியம் என்ற மூலக உணரிகளை நெஞ்சின் இரு பக்கமும் தொடுமளவுக்கு இறக்குவார்கள். அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை. ஆழ மூச்சு இழுக்கவேண்டாம், வழமைபோல் விடுங்கள். நித்திரை கொண்டாலும் குற்றமில்லை.

அறையின் காற்றும் கவனிக்கவேண்டியது. பெருமழைக்குப் பின் ரேடன் வழித்தோன்றல்கள் நிலத்தில் படிந்து, பின்னணிக் கதிர்வீச்சு சில மணித்தியாலங்களுக்கு ஏறும். மாரியில் அளப்பவர், வெற்றறை எண்ணிக்கையை அன்றே எடுத்தாரா, போன மாதத்துப் பழையதைப் போட்டாரா என்று கேட்பது வீண் கேள்வியல்ல. எங்கள் உடலிலும் பொற்றாசியம்-40 இருக்கிறது, வளர்ந்த ஆளுக்கு 4000 பெக்கரல் அளவில். நுரையீரலில் பத்தைத் தேடும்போது உடம்பெங்கும் நாலாயிரம் கத்திக்கொண்டிருக்கும். ஒரே உடல்வாகுள்ள, இந்த வேலைக்கே போகாத ஆளைப் படுக்கவைத்து எடுத்த எண்ணிக்கையே சரியான பின்னணி.

ஐந்தாம் படி: எண்ணிலிருந்து பெக்கரலுக்கு

செய்துகாட்ட எண்களை நானே எடுக்கிறேன். 3000 செக்கன் எண்ணினோம். 239 உச்சியில் பின்னணியைக் கழித்தபின் 130 எண்ணிக்கை. நெஞ்சுத் தடிப்புக்குத் திருத்திய வினைத்திறன் நூற்றில் 1. ஈயம்-212 சிதையும் நூறு தடவையில் 43.6 தடவை இந்தக் கதிர் வரும். 130ஐ, 3000 × 0.01 × 0.436 ஆல் பிரித்தால் 10 பெக்கரல்.

ஒரு கிராம் தோரியம்-232இல் ஏறத்தாழ 4060 பெக்கரல். ஆகவே 10 பெக்கரல் என்பது 2.5 மில்லிகிராம் தோரியம். மொனசைற்றின் நிறையில் நூற்றுக்கு 8 தோரியமென்று கொண்டால் 31 மில்லிகிராம் மொனசைற். ஒரு நெல்மணியைவிடச் சற்றுக் கூடிய நிறை.

இனி ரோர்ச்சின் வெளிச்சம். பின்னணி எண்ணிக்கை 400 என்று வையுங்கள். 1968இல் கரி என்பவர் வகுத்த முறைப்படி, காணக்கூடிய எல்லை 2.71 கூட்டல் 4.65 தடவை 400இன் வர்க்கமூலம். அதாவது 96 எண்ணிக்கை, 7.3 பெக்கரல். அதற்குக் கீழே இருப்பதைக் கருவி நம்பகமாகக் காணாது. மருமகனின் தாளில் இருந்திருக்கவேண்டியது “கண்டறியப்படவில்லை, எல்லை இத்தனை பெக்கரல்” என்ற வரி. அந்த எண்ணில்லாமல் அவன் நுரையீரலில் பூச்சியமா ஏழா என்று யாராலும் சொல்லமுடியாது.

அக்டினியமும் ஈயமும் ஒரே விடையைத் தராவிட்டால் பதறவேண்டாம். தூசியிலிருந்து தோரன் தப்பி மூச்சோடு வெளியேறுவதால் ஈயம் குறைந்து காட்டுவது வழமை. ஆனால் இரசாயன முறையில் பிரித்தெடுத்த தோரியத்தோடு வேலை செய்தவருக்கு தாயும் பிள்ளைகளும் ஒரே அளவு பெக்கரலில் இருக்கும் என்ற இந்தச் சமநிலைக் கணக்கே பொருந்தாது. தோரியத்துக்கும் அக்டினியத்துக்கும் இடையில் வரும் ரேடியம்-228ஐப் பிரித்துவிட்டால் அது திரும்ப வளர வருடங்கள் எடுக்கும், அதன் அரைவாழ்வு 5.75 வருடம். வேலைத்தலத்துத் தூசியில் ஒரு பிடியை அதே உணரியில் எண்ணிப் பார்ப்பதே இதற்கு வழி.

ஆறாம் படி: பெக்கரலிலிருந்து மில்லிசீவர்ட்டுக்கு

மில்லிசீவர்ட் என்பது உடல் வாங்கும் கதிர்வீச்சுப் பாதிப்பின் அளவு. உள்ளே போனதிலிருந்து அதைக் கணிக்கும் வழி சூட்டுக்களத்தில் நெல் தூற்றியவருக்கு விளங்கும். காற்றில் விடும்போது மணி காலடியில் விழும், பதர் தள்ளி விழும், தூசி பறந்துபோகும். மூச்சுக்குழலும் தூற்றும். தொழிலாளிக்கு வழக்கமாக எடுக்கும் அளவு 5 மைக்குரோமீற்றர் துணிக்கை. அதில் மூக்கிலும் தொண்டையிலுமே முக்கால்வாசி அளவு பிடிபடும், நுரையீரலுக்குள் சேர்வது நூற்றில் 8 அளவு. அதிலும் ஆழத்துக் காற்றுப்பைகள் வரை போவது 5 அளவு. பிறகு சளியோடு ஏறி விழுங்கப்பட்டுப் போவது ஒரு பங்கு, ஆழத்தில் வருடக்கணக்கில் குந்தியிருப்பது மற்றப் பங்கு.

ஆகவே இன்று நுரையீரலில் இருப்பது, அன்று உள்ளே போனதில் ஒரு துண்டு மட்டுமே. அது எத்தனையில் ஒன்று என்று சொல்ல உள்ளே போன திகதி வேண்டும். இந்த உதாரணத்துக்கு நூற்றில் 4 மிஞ்சியிருக்கிறது என்று கொள்வோம். 10ஐ 0.04ஆல் பிரித்தால் உள்ளிழுத்தது 250 பெக்கரல். மெல்லக் கரையும் வகைக்குச் சர்வதேச கதிரியல் பாதுகாப்பு ஆணைக்குழு 1994இல் தந்த குணகம் (பெக்கரலை மில்லிசீவர்ட்டாக்கப் பெருக்கும் எண்), தோரியம்-232க்குப் பெக்கரலுக்கு 0.012 மில்லிசீவர்ட். பெருக்கினால் 3. ஆனால் மணலில் தோரியம்-228உம் சமஅளவில் கூட வருகிறது, அதன் குணகம் 0.025. இரண்டையும் சேர்த்தால் 9 மில்லிசீவர்ட்டைத் தாண்டும். தாய்க்கு மட்டும் கணக்குப் பார்த்து 3 என்று எழுதிய அறிக்கை என் கைக்கு வந்திருக்கிறது. ஆணைக்குழு 2017இல் தோரியக் கணக்கைப் புதுப்பித்திருப்பதால், எந்த ஆண்டின் குணகம் என்றும் தாளில் இருக்கவேண்டும்.

தொழிலாளிக்கான எல்லை, ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 50க்கு மேற்படாமல். இதோடு மேலே சொன்ன 7.3 பெக்கரலை ஒப்பிடுங்கள். அதே கணக்கில் அது ஏறக்குறைய 7 மில்லிசீவர்ட். எல்லையின் மூன்றிலொரு பங்கு வரை கருவிக்குத் தெரியாமலே உள்ளே இருக்கலாம். அதனால்தான் நுரையீரல் எண்ணியை மட்டும் நம்பி ஆலை நடத்தக்கூடாது.

துணைக்கு நிற்பவை

காலர்ப் பட்டியில் மாட்டும் சிறு காற்றுமாதிரிப் பம்பி, மூச்சிழுக்கும் இடத்துத் தூசியை வேலைநேரம் முழுக்கச் சேர்க்கும். தோரியத்தைப் பொறுத்தவரை எனக்கு இதில்தான் முதல் நம்பிக்கை. திடீரென்று தூசி கிளம்பிய விபத்தென்றால், உடனே மூக்கைத் துடைத்தெடுத்த மாதிரி. அடுத்த சில நாட்களின் மலம். கரையாத தோரியம் சிறுநீரில் மிகச் சொற்பமாகவே வரும், ஆனாலும் கேட்பார்கள்.

சிறுநீர் கொடுப்பவர் 24 மணித்தியாலச் சிறுநீர் முழுவதையும் பிடிக்கவேண்டும். ஒரு போத்தல் மட்டும் வாங்கி, சிறுநீரில் வெளியேறும் கிரியாற்றினின் என்ற உடற்கழிவை வைத்து ஒரு நாளைக்குப் பெருக்கும் குறுக்குவழி, சிறுநீரகம் சரியாக இயங்கும் ஆளுக்குத்தான். வவுனியா, செட்டிகுளம் பக்கத்தில் காரணம் தெளிவில்லாத சிறுநீரக நோய் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். நோயைச் சொல்லாமல் போத்தலைக் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னே செய்யவேண்டியதை, மருமகனைப் போலப் பலரும் தவறவிடுகிறார்கள்: வேலைக்குச் சேரும் நாளன்றே ஒரு அளவீடு. அந்தத் தொடக்க எண் இல்லாவிட்டால், ஐந்து வருடம் கழித்துக் காணும் எண் எந்த ஆலையின் தூசி என்ற வழக்குக்கு முடிவே வராது.

அவனுக்காக அந்த நிலையத்துக்குக் கடிதம் எழுதினோம். எண்ணிய நேரம், பின்னணி எண்ணிக்கை, பாவித்த நெஞ்சுத் தடிப்பு, காணக்கூடிய எல்லை, நிறமாலைக் கோப்பு ஆகியவற்றைக் கேட்டோம். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. தடிப்பை அளக்கவில்லை, உயரம் நிறையிலிருந்து கணித்திருக்கிறார்கள். எல்லை 9 பெக்கரல். அக்கா அந்தத் தாள்களை மடித்து, அடையாள அட்டைப் பிரதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் இடம்பெயர்வு முழுக்கத் தூக்கித் திரிந்த அதே பொலித்தீன் பைக்குள் வைத்து, பழையபடி வாசற்கதவின் ஆணியில் கொழுவினாள். “அடுத்த முறை அளக்கப் போகும்போது இதையும் அந்த எக்ஸ்ரேயையும் கொண்டுபோ” என்றாள் மகனிடம்.